வஞ்சிரமும் ரசம் சோறும்

அண்ணன் முனிசாமி விடியற்காலையில் சென்னை ஆஸ்பத்திரியில் இறந்துபோனதைக் கலியனால் அண்ணியிடம் சொல்ல முடியவில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு தேறிவிடுவார் என்றுதான் எல்லாரும் நம்பியிருந்தார்கள். உடலை மச்சான் வேனில் ஏற்றிக்கொண்டு நேரே சொந்த ஊரான தாமலுக்கு வருகிறான். கணவனைப் பார்க்கக் கிளம்பிவந்து காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் நின்ற ஜெயம்மாளைத் திருப்பி அழைத்துப்போவது கலியன் பொறுப்பு.

அவள் நல்ல சோறு கண்டு ஒரு வாரம் இருக்கும். செய்தியைச் சொல்லிவிட்டால் இனி எப்போது சாப்பிடுவாளோ. ஒரு வேளைச் சோறு உள்ளே போகட்டும், அப்புறம் சொல்லலாம் என்று நினைத்தான். நல்ல மனசுதான். யோசனைதான் எப்போதும்போலக் கொஞ்சம் மட்டு.

"உங்க அண்ணன் எப்படிப்பா இருக்காரு?"

"வலியெல்லாம் போயிடுச்சி அண்ணி. வாங்க, மொதல்ல சாப்டலாம்."

எதிரே புதிதாகத் திறந்திருந்தது அந்தக் கடல் மீன் ஓட்டல். கண்ணாடிக் கதவு, ஏசி அறை, வெள்ளை விரிப்பு போட்ட மேஜைகள். ஏரி மீனை மட்டுமே அறிந்த ஜெயம்மாள் செருப்பை வாசலிலேயே கழற்றினாள். "பரவால்லம்மா, போட்டுக்கினே வாங்க" என்றான் சர்வர்.

"இந்த இடமெல்லாம் நமக்கு எதுக்குப்பா? அவரு வந்தப்பறம் சேர்ந்து வந்திருக்கலாம்."

கலியன் அதைக் காதில் வாங்காதவன்போல அவளுக்கு வஞ்சிரம் வறுவலும் இறால் தொக்கும் சொன்னான். தனக்கு ரசம் சோறு போதும் என்றான். சர்வர் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனான்.

வலி போய்விட்டது என்ற சொல் அவளுக்குப் பசியைத் திருப்பித் தந்திருந்தது. "நடு முள்ளத் தவிர வேற முள்ளே இல்லப்பா" என்று ஆச்சரியப்பட்டபடி நன்றாகவே சாப்பிட்டாள். கலியன் ரசம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். இருந்தாலும் நினைத்ததைச் சாதித்துவிட்ட நிம்மதி.

நல்ல துண்டாக ஒன்றை எடுத்து அவன் தட்டில் வைக்கப்போனாள். அவன் தட்டைச் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டான்.

"ஏம்பா, இன்னிக்கு வெள்ளிக்கிழமையா?"

"இல்ல அண்ணி. வயிறு சரியில்ல."

காய்ச்சலில் படுத்திருந்தபோதும் நெத்திலிக் குழம்பு கேட்டவன் கலியன். அவன் மீனை ஒதுக்கி அவள் பார்த்தது மாமனார் செத்தபோது மட்டும்தான். குடும்பத்தில் சாவு விழுந்தால் காரியம் முடியும்வரை யாரும் கவுச்சி தொடக்கூடாது.

ஜெயம்மாளின் கை நின்றது.

"கலியா, உனக்குத் தீட்டா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அழுகையை அடக்கப் பார்த்தான், முடியவில்லை.

அவள் அழவில்லை. கையிலிருந்த துண்டைத் தன் தட்டில், தின்றுபோட்ட முள்ளுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"நீ மட்டும் தீட்டு காத்துக்கினியேப்பா" என்றாள். "அவரு அங்க பொணமா கெடக்க, என்னை மீன் திங்க வெச்சிட்டியே."