தேய்ந்தது போன இடம்

சார்ள்ஸுக்குத் தூசி என்றால் ஆகாது. பாலத்துக்கு ஏறும் வளைவில், தெருவைப் பார்த்தபடி அவன் லொறி, பஸ் திருத்தும் கராஜ், அதற்குப் பின்னால் வீடு. இப்படி ஒரு இடத்தில் குடியிருந்துகொண்டு தூசியோடு சண்டை பிடிப்பவனை என்னவென்று சொல்வது? பைத்தியம் என்றாள் டல்சி. கட்டின மனைவி, சொல்ல உரிமை இருக்கிறது.

ஏழு வயது மகள் தானியாவுக்கு மூச்சு முட்டு வரத் தொடங்கியபின் டல்சியும் வாயை மூடிக்கொண்டாள். பிள்ளை மூச்சை இழுக்கும்போது விலா எலும்பை எண்ணலாம். கிளினிக்கில் தாதி நஸீறா மிஸ்ஸி மருந்தைக் கொடுத்து, "வீட்டுக்குள்ள ஒரு பொட்டுத் தூசி இரிக்கப்படா அண்ணன், கவனம்," என்று சொல்லி அனுப்பினார்.

ஒரு பொட்டு! சார்ள்ஸ் அதை ஆண்டவரின் கட்டளையாகவே எடுத்துக்கொண்டான். ஈரத்துணியும் விளக்குமாறும் பெண்களின் வேலை என்ற நினைப்பு அவனுக்கு. டயருக்குக் காற்றடிக்கும் கொம்பிறசர் பிறகு எதற்கு இருக்கிறது? குழாயை வீட்டுக்குள் இழுத்தான். காலையும் மாலையும் கட்டிலுக்கடியில், திரைச்சீலையில், மாதா படத்துக்குப் பின்னால், சர்ரென்று ஊதினான். தூசி பறந்து கண்ணுக்குத் தெரியாமல் போனது. தெரியாவிட்டால் இல்லை என்றுதானே அர்த்தம்! கடைசியில் தானியாவின் முறை. அவள் முக்காலியில் ஏறி நிற்பாள். அவன் பின்னால் நின்று அவள் தலைமயிரில் மெல்ல ஊதுவான். அவள் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காக அவன் நாள் முழுக்க லொறிக்கடியில் கிடப்பான்.

மூன்று மாதத்தில் நான்கு தரம் பிள்ளை ஆஸ்பத்திரி வார்ட்டில் படுத்தாள். அங்கே இரண்டு நாளில் தேறுவாள். வீட்டுக்கு வந்த மறுநாளே நெஞ்சு விசிலடிக்கும். சார்ள்ஸ் இன்னும் அதிகமாக ஊதினான். கடைசித் தரம் நஸீறா மிஸ்ஸி பிள்ளையின் நகங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவை நீலம் பாய்ந்திருந்தன.

அந்தச் சனிக்கிழமை பின்நேரம் தானியாவின் தலைக் கிளிப் கட்டிலுக்கடியில் விழுந்துவிட்டது. பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத்தைத் தடியில் கட்டி உள்ளே விட்டான் சார்ள்ஸ். கராஜில் விழும் ஆணிகளை அப்படித்தான் எடுப்பான். காந்தத்தோடு கிளிப் வந்தது. காந்தத்தைச் சுற்றிக் கறுப்பாய் மயிர் போலத் தூள் முளைத்திருந்தது.

விரலால் தேய்த்தான். மை போல ஒட்டியது. தலையணையில் காந்தத்தை இழுத்தான். அங்கும் முளைத்தது. நுளம்பு வலை, பொம்மை, மாதா படத்தின் விளிம்பு, எதையும் விடவில்லை.

"என்ன அது?" டல்சி குசினி அடுப்படியிலிருந்து வந்தாள்.

"இரும்பு, டல்சி."

"இரும்பா? எங்கால வந்த?"

வெளியே வளைவில் கல்முனை பஸ் பிறேக் பிடித்தது. அந்தக் கருகல் வாடை அவனுக்கு இருபது வருடப் பழக்கம். தேய்ந்த பிறேக் லைனரைக் கழற்றி மூலையில் எறிவதுதானே பிழைப்பு! விரல் தடிப்பில் பூட்டி அனுப்புவது தகடாகத் திரும்பி வரும். தேய்ந்து தூளான மிச்சம் எங்கே போனது என்று ஒருநாளாவது கேட்டானா, மடையன்? நிலத்தில் சும்மா படுத்துக் கிடந்ததை நாளுக்கு இரண்டு தரம் எழுப்பிப் பிள்ளையின் மூக்கு மட்டத்துக்கு ஏற்றியது வேறு யார்?

"றோட்டால வந்த. நான்தான் ஊதி ஊதிப் புள்ளைக்குக் குடுத்திரிக்கன்," என்றான்.

ஊதும் நேரமாகிவிட்டது. தானியா வழக்கம்போல முக்காலியில் ஏறி, கண்ணை மூடி நின்றாள். அவளை இறக்கிவிட சார்ள்ஸ் முன்னால் போனான். இதுவரை ஒருநாளும் அவன் முன்னால் நின்றதில்லை. பிள்ளை வாயை ஆவென்று திறந்து வைத்திருந்தாள்.

"வாய மூடு மகள்!"

"இல்ல பப்பா. நெஞ்சுக்குள்ள இரிக்கிற தூசியும் போகட்டும்." அவள் இருமினாள். "ஒவ்வொரு நாளும் இப்பிடித்தான் நிக்கிறன். ஊதுங்க."