போரேன் உத்தரவு

எங்கள் பாறைக்கொட்டாயில் அந்தக் காலத்தில் எது கேட்டாலும் ஒரே பதில்தான்: போரேன் உத்தரவு வரவில்லை. கல்லறைத் தோட்டத்துக்கு வேலி கட்டலாமா? போரேன் உத்தரவு வரவில்லை. பெண்கள் பக்கம் புதுப் பாய் போடலாமா? அதற்கும் வரவில்லை. சொல்கிறவர் கோயில் பெரியதனக்காரர் யேசுராஜ். பங்குச் சாமியார் மாதம் ஒரு தடவை வந்து பூசை வைத்துவிட்டுப் போவார். மற்ற ஞாயிறுகளில் செபம் சொல்வது, ஓலை வாசிப்பது, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு திரிவது எல்லாம் யேசுராஜ்தான். போரேன் என்றால் யார், என்ன வேலை என்று எங்களில் ஒருத்தருக்கும் தெரியாது. ஆயருக்கும் மேலே என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

ஐம்பத்தாறில் மத்தூர் இன்னாசிக்கு என்னைப் பேசி முடித்தார்கள். அவருக்குக் கோலார் தங்கவயலில் வேலை கிடைத்திருந்தது. ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தபசு காலம் தொடங்கிவிட்டால் கோயிலில் கல்யாணம் வைக்க மாட்டார்கள். அதற்குள் முடிக்காவிட்டால் வேறு பெண் பார்ப்போம் என்று அவருடைய அம்மா கறாராகச் சொல்லிவிட்டாள். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசித்தாக வேண்டும்: இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று. சாமியார் எழுதித் தந்த ஓலை யேசுராஜிடம் இருந்தது. ஐந்து ஞாயிறு போயிற்று. மனுஷன் வாசிக்கவே இல்லை.

அவர் வீட்டுக்கே போய்க் கேட்டேன்.

“போரேன் உத்தரவு வர்ல புள்ள” என்றார்.

“சாமியார் கையெழுத்துப் போட்டுட்டாரே மாமா.”

“அவரு போட்டா ஆச்சா? மேல இருக்கறவங்க சொல்லணும். அப்பிடி என்னா அவசரம் உனக்கு? நீ போயிட்டா பீடத்துணிய யாரு தோய்க்கறது?”

விஷயம் அதுதான். பதினோரு வயதிலிருந்து பீடத்துணிகளைத் தோய்த்து, கஞ்சி போட்டு, பெட்டி போட்டுத் தேய்க்கிறவள் நான். ஒரு காலணா வாங்கினதில்லை. ஓசி வேலைக்காரி போய்விடுவாளே என்று என் கல்யாணத்தைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறார்.

தபசு காலம் தொடங்குகிற விபூதிப் புதனுக்கு ஐந்து நாள் இருக்கும்போது, வெள்ளிக்கிழமை, போரேன் சாமியாரே வந்து நின்றார். பர்கூர் ரோட்டில் பஸ் இறங்கி நடந்து வந்திருந்தார். செருப்பெல்லாம் செம்மண். யேசுராஜ் ஓடிப்போய் மண்டியிட்டு மோதிரத்தில் முத்தம் வைக்கக் கையைப் பிடித்தார். விரலில் மோதிரம் இல்லை.

“அது ஆயருக்கு. எந்திரிங்க. ஞானஸ்நானப் புத்தகத்தையும் பீடத்துணியையும் காட்டுங்க” என்றார் சாமியார்.

துணிகளை நான்தான் கொண்டுபோனேன். ஒன்றை விரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“சுத்தமா இருக்குது. யாரு தோச்சது?”

“நான்தான் சாமி. உங்க உத்தரவு எப்ப வரும்னு சொன்னா, கண்ணாலம் கட்டிக்கினு போயிருவன்.”

“என் உத்தரவா? எதுக்கு?”

வேலி, பாய், ஓலை எல்லாவற்றையும் சொன்னேன். அவர் யேசுராஜைப் பார்த்தார்.

“ஏன் பெரியவரே, போரேன்னா யாருன்னு நெனச்சீங்க? ஆயரு டவுன்ல இருக்காரு. டவுனுக்கு வெளிய இருக்கற ஏழெட்டுக் கோயிலப் போயிப் பாத்துட்டு வான்னு ஒரு மூத்த சாமியார வெப்பாரு. அவருதான் போரேன். துணி சுத்தமா, புத்தகம் எழுதியிருக்குதா, பங்குச் சாமியாருக்கு ஒடம்பு முடியலைன்னா கஞ்சி ஊத்த ஆளு இருக்குதா, இதான் என் வேல. ஓலையை நிறுத்தற வேல எனக்கில்ல. அவசரம்னா ரெண்டு ஓலைய வாசிக்காமலே மன்னிச்சு விடலாம்னு ஆயரு அதிகாரம் குடுத்திருக்காரு. அத வேணும்னா செய்யலாம்.”

ஒரே ஓலையோடு செவ்வாய்க்கிழமை கல்யாணம் வைக்கலாம் என்று சாமியார் காகிதம் எடுத்தார். என் அம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. “ரெண்டு ஓலைய வுட்டுட்டா, வயித்துல இருக்குது, அதான் அவசரம்னு ஊரு பேசுமே சாமி.”

எனக்கு அதுவரை இருந்த கோபமெல்லாம் இப்போது வந்ததற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. தப்புச் செய்தவர் யேசுராஜ், பேர் கெடுவது எனக்கா?

“அப்போ ஏன் மன்னிச்சீங்கன்னும் அதுலயே எழுதுங்க சாமி. அவரே படிக்கட்டும்” என்றேன்.

சாமியார் அதையும் எழுதினார்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிரம்பியிருந்தது. மத்தூர்க்காரர்களும் வந்திருந்தார்கள். யேசுராஜ் ஓலையை வாசித்தார். மற்ற இரண்டு ஓலையும் மன்னிக்கப்பட்டது என்றார். அவ்வளவுதான், காகிதத்தை மடிக்கத் தொடங்கினார். பெண்கள் பக்கத்தில் குசுகுசுவென்று சத்தம் எழுந்தது. அம்மா என் கையைப் பிடித்து இழுக்க இழுக்க எழுந்து நின்றேன்.

“அடுத்த வரியையும் படிங்க மாமா.”

“ஒக்காரு புள்ள.”

“நீங்க படிங்க, நான் ஒக்கார்றன்.”

காகிதத்தை மறுபடி விரித்தார். “பெரியதனக்காரர் யேசுராஜ் ஐந்து ஞாயிறு ஓலையை வாசிக்காமல் வைத்திருந்தபடியால்” என்று அவர் வாயாலேயே வந்தது. இன்னாசியின் அம்மாவுக்கு எட்டியிருக்காதோ என்று இன்னொரு தடவை, உரக்கப் படிக்கச் சொன்னேன். படித்தார். அப்புறம்தான் உட்கார்ந்தேன்.

செவ்வாய்க்கிழமை கல்யாணம். யேசுராஜ் பந்திக்கு வரவில்லை. அவர் பெண்சாதி வந்து, இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போனாள்.