கொக்கி போட்டது

பல் செட்டைப் பொருத்திப் பார்க்க வந்திருந்த பெரியம்மா, வேலை மேசை ஓரத்தில் இருந்த தகர வாத்தை எடுத்துக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, "இது கழிச்சதாச்சே" என்றார். வாயில் ஒரு பல்கூட இல்லை. பாதி எழுத்து காற்றாகத்தான் வந்தது. பல்லுக்காரருக்கு அது ஒரு பொருட்டே அல்ல. இருபத்தெட்டு வருடமாகப் பல் செட் கட்டுகிறவர். பொக்கை வாய்ப் பேச்சைப் புரிந்துகொள்வதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனாலும் இந்த முறை தன் காதில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தார்.

"எதும்மா கழிச்சது?"

"இதான் தம்பி. அடியில கொக்கி போட்டிருக்கு பாருங்க."

பல்லுக்காரர் கையிலிருந்த அரத்தைக் கீழே வைத்தார். அந்தக் கொக்கியைப் பற்றி அவரைவிட அதிகம் தெரிந்தவர் உலகத்திலேயே கிடையாது என்றுதான் அவரும், சாவி கொடுத்தால் ஓடும் பழைய தகரப் பொம்மைகளைச் சேர்க்கும் அவருடைய கூட்டாளிகளும் நம்பிக்கொண்டிருந்தார்கள். அந்த வாத்தைச் செய்த ஃபாக்டரி மூடி நாற்பது வருடம் ஆகிறது. அங்கே செய்த பொம்மைகளில் சிலவற்றின் அடியில் மட்டும் ஊசியால் கீறிய ஒரு சின்னக் கொக்கி இருக்கும். அப்படிப்பட்ட பொம்மைகள் மற்றவற்றைப்போல இருக்காது. ஒன்றின் அலகுச் சிவப்பு கன்னத்தில் ஏறியிருக்கும், இன்னொன்றின் சட்டைப் பொத்தான்கள் சட்டைக்கு வெளியே கிடக்கும். ஒவ்வொன்றும் ஒரு தினுசு. ஆகவே, முதலாளி தன் கண்ணாடி அலமாரிக்கென்று தனியாகச் செய்யச் சொன்ன விசேஷப் பொம்மைகள் இவை, கொக்கி அவருடைய முத்திரை என்று பல்லுக்காரர் முடிவு கட்டினார். சேகரிப்பவர்களின் காலாண்டிதழில் பதினான்கு பக்கத்துக்குக் கட்டுரை வந்தது. கை குலுக்கியவர்களுக்குக் கணக்கில்லை.

கை குலுக்காத ஒரே ஆள் அவர் மனைவி.

அவளுடைய அப்பா அந்த ஃபாக்டரியில்தான் தகரத்தில் நிறம் அச்சடிக்கும் மிஷினில் வேலை பார்த்தார். வீட்டில் ஐந்து பொம்மைகள் இருந்தன. ஒரு சொத்துத் தகராறில் அவள் சித்தப்பா, "ஃபாக்டரியில பொம்மை திருடினவன்தானே நீ" என்று தெருவே கேட்கக் கத்தியபோது, அப்பா பதிலுக்குக் கத்தவில்லை. "எல்லாம் கொக்கி போட்டதுதான்" என்று மட்டும் முணுமுணுத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவளுக்கு அப்போது பதினாறு வயது. மூன்று வருடத்தில் அப்பாவும் போய்ச் சேர்ந்தார். கல்யாணமான புதிதில் அவள் இதைச் சொல்லித்தான் பல்லுக்காரருக்குக் கொக்கிப் பைத்தியமே பிடித்தது. ஆனால் கட்டுரையைப் படித்து முடித்த அன்று அவள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "அப்போ முதலாளிக்குன்னு ஒதுக்கி வச்சதையா எங்கப்பா தூக்கிட்டு வந்தாரு?"

ஆராய்ச்சி ஆராய்ச்சி என்று அலைந்ததில், மாமனார் தலையில் திருட்டுப் பட்டத்தை ஆணியடித்து மாட்டியது தான்தான் என்பது பல்லுக்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. எதற்கெடுத்தாலும் 'எங்கப்பா இருந்தா' என்று ஆரம்பிக்கிற மனைவி, அதற்குப் பிறகு அப்பா என்ற சொல்லையே எடுக்கவில்லை. ஆறு வருடமாக.

"நீங்க அந்த ஃபாக்டரியில இருந்தீங்களாம்மா?" என்றார் பல்லுக்காரர்.

"சோதனை மேசையில பதினோரு வருஷம். சாவி குடுத்து ஓட விடணும், நிறம் பாக்கணும். சரியில்லன்னா இப்படி ஒரு கொக்கி." பெரியம்மா காற்றில் ஒரு கீறு கீறிக் காட்டினார். வலமிருந்து இடமாக, கடைசியில் ஒரு சுண்டு. வாத்தின் அடியில் இருந்ததும் அப்படியேதான் சுண்டியிருந்தது. "என் கை தம்பி இது. கொக்கி போட்டதைக் கடைக்கு அனுப்ப மாட்டாங்க. சனிக்கிழமை கூடையில கொட்டி வச்சிருவாங்க, வேணுங்கறவங்க எடுத்துட்டுப் போவாங்க. முதலாளியே நின்னு எடுத்துக்கச் சொல்லுவாரு."

"அச்சு மிஷின்ல இருந்தவரும் எடுப்பாரா?"

"யாரு, அந்த நெட்டையரா? எல்லாரும் போற வரைக்கும் நிப்பாரு. அப்புறம் நிறம் விலகினதா ஒண்ணு பொறுக்கிப் பைக்குள்ள போட்டுக்குவாரு. நிறம் விலகுச்சுன்னா அது அவரு தப்புதானே. நாலு பேரு கண்ணுல படக்கூடாதுன்னு நெனைப்பாரு போல. மானஸ்தன்." பெரியம்மா வாத்தைக் கீழே வைத்தார். "ஆமா, பல்லு இன்னிக்குக் கிடைக்குமா கிடைக்காதா?"

அன்று அந்தப் பல் செட்டை ராவிப் பொருத்துவதற்குள் பல்லுக்காரர் தன் விரலை இரண்டு முறை ராவிக்கொண்டார். பெரியம்மா புதுப் பல்லோடு கண்ணாடியைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனதும், மதியம்தான் என்றும் பாராமல் கடையைச் சாத்தினார். பதினான்கு பக்கமும் பொய். அலமாரியில் இருக்கும் நாற்பத்தொரு பொம்மையும் கழிசடை. மறுப்பு எழுதினால் கூட்டாளிகள் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். தலையிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்ததுபோல இருந்தது. வீடுவரை நடந்தாரா ஓடினாரா என்று அவருக்கே தெரியாது.

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் மூச்சிரைக்க, முன்னுக்குப் பின்னாகச் சொன்னதை இரண்டாவது முறை சொல்லச் சொல்லிக் கேட்டாள். மடித்த சட்டையையே பிரித்து மறுபடி மடித்தாள்.

"அதை வாயத் திறந்து சொல்லியிருக்கலாம்ல அந்த மனுஷன்?" என்றாள்.

"நானும் அதான் நெனைச்சேன்."

"சொல்ல மாட்டாரு. எனக்குத் தெரியும். திருடன்னு சொன்னாக்கூடப் பொறுத்துக்குவாரு, வேலை தெரியாதவன்னு யாராவது சொல்லிட்டா அவ்வளவுதான். எங்கப்பா அப்படி." சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாக மாறியது, பிறகு மறுபடி சிரிப்பானது. பல்லுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்.

"என்னை மன்னிச்சிரு" என்றார்.

"அது அப்புறம். அப்போ உங்க அலமாரி பூரா கழிச்சதா?"

"பூரா."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். இத்தனை வருடத்தில் ஒரு நாளும் தொடாத அலமாரியைத் திறந்து, பொம்மைகளை மடி நிறைய அள்ளி வந்து தரையில் பரப்பினாள். ஒவ்வொன்றுக்கும் சாவி கொடுத்தாள். கரடி இடப் பக்கமாகவே சுற்றியது. தவளை ஒரு தாவு தாவிவிட்டு அசையாமல் நின்றது. "இது நிறம் சரியாத்தான் இருக்கு. இது வேற யாரு தப்போ" என்று அவற்றைச் சுவர் ஓரம் ஒதுக்கினாள். சைக்கிள்காரன் நன்றாகவே ஓடினான், ஆனால் மீசை நெற்றியில் இருந்தது. அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, விலகிய நிறத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

"இது எங்கப்பா" என்றாள்.

அடுத்து ஒரு தபால்காரன், உதடு கழுத்தில் அச்சாகியிருந்தது. "இதுவும்." பிறகு இரண்டு ஜோடி கண்ணோடு ஒரு முயல். "ஐயோ, இதுவும்." ஒன்றன்பின் ஒன்றாக அவற்றை வரிசையில் நிறுத்திக்கொண்டே போனாள். வரிசை கதவு நிலையைத் தொட்டது. பல்லுக்காரர் எழுந்து, அடுத்த அறையில் இருந்த நாற்காலியை நகர்த்தி அதற்கு வழி விட்டார்.