ஆணியில் தொங்கும் ஆண்ட்ரூவின் சாவி

குடும்பங்களுக்கென்று ஒரு குழு ஆரம்பிக்கலாம் என்று பங்குக் கோயிலில் எழுந்து வாக்குக் கொடுத்தவர் என் வீட்டுக்காரர் வால்டர். வாக்கு அவருடையது, வடை சுட்டது நான். மே மாத ஞாயிறு சாயங்காலம், மயிலாப்பூரில் எங்கள் இரண்டு அறை வீட்டுக்கு நான்கு தம்பதிகள் வந்திருந்தார்கள்.

செபமாலை முடிந்ததும் வால்டர் ஆளுக்கொரு சீட்டு கொடுத்தார்.

"பேர் போடாதீங்க. வீட்டுல எதுக்குப் பயப்படுறீங்கன்னு எழுதுங்க. எல்லாத்துக்கும் சேர்ந்து வேண்டிக்கலாம்."

சீட்டுகளை பிஸ்கட் டப்பாவில் போட்டு, வாசிக்கும் வேலையை என் தலையில் கட்டினார். பிளஸ் டூ ரிசல்ட், மாமியாரின் சர்க்கரை, மகளின் மொபைல் என்று வந்துகொண்டிருந்தது. ஏழாவது சீட்டைச் சத்தமாக வாசித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

'இன்றைக்கு வீட்டுக்குப் போகப் பயமாக இருக்கிறது.'

 இதை எழுதியவளை அடிப்பவன் இங்கேயே உட்கார்ந்து என் வடையைத் தின்கிறான். பேர் கேட்டால் அவனுக்குத் தெரிந்துவிடும். அப்படியே அனுப்பினால் அவள் கதி? எழுந்து போய் வாசல் கதவைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

"டீ போடறேன். பொம்பளைங்க எல்லாம் உள்ள வாங்க."

அடுப்படியில் ஒவ்வொருத்தியாகக் கேட்டேன். மூன்று பேர் இல்லை என்றார்கள். கடைசியாக சான்ட்ரா. அந்தப் புழுக்கத்திலும் கழுத்தில் ஷாலைச் சுற்றியிருந்தாள்.

"மாதா சத்தியமா நான் எழுதல அக்கா" என்றாள்.

 நாலு பேருமே இல்லையென்றால்? எவளோ பயத்தில் மறைக்கிறாள். ஆண்டவரே, யாரைச் சாகக் கொடுக்கப்போகிறேன்?

அப்போது அடுப்படி வாசலில் சான்ட்ராவின் கணவர் ஆண்ட்ரூ வந்து நின்றார். சைதாப்பேட்டைக்காரர், பூசையில் வாசகம் வாசிப்பவர். கரண்டியோடு சான்ட்ராவுக்கு முன்னால் போய் நின்றேன்.

"இன்னா வேணும் உங்களுக்கு?"

"அத எழுதுனது நான்தான்க்கா."

ஆம்பளைகளைக் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை, பாருங்கள்.

"காலைல இவ கழுத்தப் புடிச்சிட்டேன். விடணும்னு தெரியுது, கை விடல. மறுபடி இவகூட அந்த வீட்டுக்குள்ள போக பயமா கீது." தன் வீட்டுச் சாவியை நீட்டினார். "இவளா சொல்ற வரைக்கும் எனக்குத் தராதீங்க."

"தூ, நீயெல்லாம் ஒரு மனுஷனா?" என்று திட்டினேன். திட்டிக்கொண்டேதான் சாவியை வாங்கி, முன்னறைச் சுவரில் ஓர் ஆணியில் மாட்டினேன். வால்டர் அவரைக் கிண்டியில் அவர் அண்ணன் வீட்டில் கொண்டுபோய் விட்டார். சான்ட்ரா தன்னிடமிருந்த சாவியோடு வீட்டுக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுவிட்டு எனக்கு போன் செய்தாள்.

இன்று குழுவில் முப்பது குடும்பங்கள். ஒவ்வொரு குடும்பமும் ஒரு மாற்றுச்சாவியை இன்னொரு குடும்பத்திடம் கொடுத்து வைக்க வேண்டும். உள்ளே என்ன நடந்தாலும் வெளியிலிருந்து திறக்க ஓர் ஆள் வேண்டும் என்பதுதான் எங்கள் முதல் விதி.

ஆண்ட்ரூ அண்ணன் வீட்டிலிருந்து வாரம் தவறாமல் வருகிறார், ஆணியைப் பார்க்காமல் உட்காருகிறார். போன ஞாயிறு சான்ட்ரா அந்தச் சாவியைத் தொட்டாள். எடுத்துவிடுவாளோ என்று நான் எழுந்தேவிட்டேன்.

"இங்கயே இருக்கட்டும்க்கா" என்றாள்.