மூன்றாம் வகுப்பின் மழைக்காலம்

மைதாப் பசைக் கிண்ணத்தோடு ஸ்ரீனிவாசராகவன் மாடியேறி வந்தார். மூன்றாம் வகுப்புப் பாடப்புத்தகங்கள் தரை முழுக்கப் பரப்பிக் கிடந்தன. எல்லாம் சென்னையிலிருந்து தருவித்தவை. அவற்றில் காவேரி ஓடியது, மரக்காலில் நெல் அளந்தார்கள். வங்காளத்துப் பவானிப்பூரில் ஒரு வாடகை வீட்டு மாடியில் தமிழ்க் குழந்தைகளுக்காக மூன்றாவது வரை நடந்த அந்தச் சின்னப் பள்ளிக்கு அவர் ஒருவர்தான் வாத்தியார். கீழே அவர் குடித்தனம். இத்தனை வருஷமாக அந்தப் புத்தகங்களை யாரும் குறை சொன்னதில்லை. இப்போது கல்வி இலாகா, எந்த வகுப்புக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று விதித்துவிட்டது. மூன்றாம் வகுப்பென்றால் வங்காளத்தின் ஆறுகள், அளவைகள், பயிர்கள், பருவங்கள். பாஷை தமிழாகவே இருக்கலாம், பாடம் பொருந்த வேண்டும். பொருந்தினால் இங்கே மூன்றாவது முடித்த குழந்தையை மற்றப் பள்ளிகள் நான்காவதில் சேர்த்துக்கொள்ளும். இல்லையென்றால் மறுபடி முதல் வகுப்புதான்.

ஆகவே ஒட்டினார். காவேரியின் மேல் பாகீரதி, மரக்காலின் மேல் சேர். தஞ்சாவூர் ஜில்லாவை ஒரு துண்டுக் காகிதத்தில் நதியா ஜில்லா ஆக்கிவிட்டார். சர்க்கார்கூட இவ்வளவு சுலபமாக எல்லை மாற்றியதில்லை. ஆனால் இதில் சிரிக்க அவருக்கு ஒன்றுமில்லை. அவருடைய பெண் ஜலஜா அந்த வகுப்பில் படித்தாள். ஒன்பது வயது. அடுத்த தெருப் பெண்கள் பள்ளியில் நான்காவது சேரப் போகிறேன் என்று வீடெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

அவர் மனைவி அனந்தலக்ஷ்மி ஒரே வார்த்தையில் முடித்திருந்தாள். "நாலாவதுன்னா போகட்டும். பொடிசுகளோட ஒண்ணாவதுல உட்காரணும்னா வேண்டாம். தைக்குக் கல்யாணம் ஆகப்போறவ. சம்பந்தியாத்துல சிரிப்பா." அவள் சொன்னால் சொன்னதுதான். கல்யாணத்துக்குப் பிறகும் சில காலம் படிக்கட்டும் என்று அவளைச் சம்மதிக்க வைக்கவே அவருக்குப் போதும் போதும் என்றாகியிருந்தது.

இன்ஸ்பெக்டர் பாபு வந்த நாளில் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். ஜன்னலுக்கு வெளியே எதிர்வீடு தெரியாதபடி கொட்டிக்கொண்டிருந்தது. அவருக்குத் தமிழ் தெரியாது. பள்ளிக் காரியதரிசி மஹாதேவன் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தார். இன்ஸ்பெக்டர் ஆறுகளைக் கேட்டார், குழந்தைகள் மளமளவென்று ஒப்பித்தன. சேரும் மணங்கும் சரியாக வந்தன. வாத்தியாருக்கு மூச்சு சீராக வந்தது. பிறகு ஜலஜாவை எழுப்பி, மழைக்காலம் எந்த மாதங்களில் என்று கேட்டார்.

"ஐப்பசி, கார்த்திகை" என்றாள்.

அப்போதுதான் ஸ்ரீனிவாசராகவனுக்கு உறைத்தது. அந்தப் பக்கத்தில் அவர் எதையும் ஒட்டவில்லை. இந்த ஊரில் வருஷா வருஷம் ஆனியிலும் ஆடியிலும் தொப்பலாக நனைந்திருக்கிறார், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்திருக்கிறார். ஆனால் அதை மழைக்காலம் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. அது பிழைக்க வந்த இடத்துத் தொந்தரவு, அவ்வளவுதான். மழைக்காலம் என்றால் அவருக்கு ஐப்பசிதான்.

மஹாதேவன் அக்கவுண்ட்ஸ் ஆபீஸ்காரர். பதிலை மாற்றிச் சொல்லலாம் என்றே தோன்றாத மனுஷர். உள்ளபடி மொழிபெயர்த்தார்.

இன்ஸ்பெக்டர் கெட்டவர் இல்லை. ஜன்னலைக் காட்டி, அவரே வங்காளியில், சிரித்துக்கொண்டே மறுபடி கேட்டார். ஜலஜா வங்காளியைத் தமிழைவிட வேகமாகப் பேசுவாள். எதிர்வீட்டுக் குழந்தைகளோடு சேர்ந்து, ஆனியையும் ஆடியையும் அவர்கள் பாஷையில் ஆஷாட், ஸ்ராபோன் என்று கத்திக்கொண்டு மழையில் ஆடியவள். அவள் ஜன்னலைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். அவர் முகத்தில் என்ன இருந்ததோ, மறுபடியும் அதையே சொன்னாள், இன்னும் உரக்க. அவள் உட்கார்ந்ததும் இன்ஸ்பெக்டர் மற்றக் குழந்தைகளையும் கேட்டார். எல்லோரும் ஐப்பசி, கார்த்திகை என்றார்கள். ஜன்னலுக்கு வெளியே இருப்பதைக்கூடப் பார்க்கப் பழக்காத படிப்பு, மூன்றாம் வகுப்புத் தரத்தில் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

"என்ன ஸ்வாமி, இத்தனை வருஷமா இதே மழையிலதானே நனையறேள்" என்றார் மஹாதேவன், படியிறங்கும்போது. கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை.

சாயங்காலம் ஜலஜாவைத் தனியாகக் கூப்பிட்டார். "உனக்குத் தெரியும்தானேம்மா?"

"தெரியும்ப்பா."

"அப்புறம் ஏன்?"

"மாத்திச் சொன்னா நீங்க தப்பாச் சொல்லிக் குடுத்தேள்னு ஆயிடுமே." பிறகு, "நாலாவது கிடையாதாப்பா?" என்று கேட்டாள். அடி வாங்கியிருந்தால்கூட அவருக்கு இப்படி வலித்திருக்காது. உள்ளே அனந்தலக்ஷ்மி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் முன்பே சொன்னது சொன்னதுதான்.

திங்கட்கிழமை காலையில் மாடியில் ஜலஜாவின் இடம் காலியாக இருந்தது. பக்கத்துப் பெண் நகர்ந்து உட்காராமல் அந்த இடத்தை அப்படியே விட்டு வைத்திருந்தாள். வாத்தியார் கரும்பலகையில் மாதங்களை எழுதினார்.

"வங்காளத்தில் மழைக்காலம் ஆனி, ஆடி" என்றார்.

"வங்காளத்தில் மழைக்காலம் ஆனி, ஆடி" என்று குழந்தைகள் திருப்பிச் சொன்னார்கள்.

கீழே அடுக்களையிலிருந்து இன்னொரு சின்னக் குரல், கொஞ்சம் பின்தங்கி, அதையே சொல்லி முடித்தது. குழந்தைகள் அவரைப் பார்த்தார்கள். அவர் அடுத்த வரிக்குப் போகாமல் பலகைப் பக்கம் திரும்பி நின்றார். கீழே அம்மிக்குழவி உருள ஆரம்பித்தது.