அழித்த பிறகும் வருகிறவர்கள்

வெள்ளிக்கிழமை, எங்கள் பக்கம் வார விடுமுறை. பீடோங்கில் எங்கள் டயாலிசிஸ் மையத்தில் நானும் ஜைனலும் மட்டும் சர்வர் அறையில் உட்கார்ந்திருந்தோம். புதிய பதிப்பில் என்னென்ன மாறியிருக்கிறது என்று அவன் உரக்க வாசித்துக்கொண்டே வந்தான். நோயாளிகளின் விவரங்களுக்கு இன்னும் உறுதியான பூட்டு, அதற்குப் புதுச் சாவி. அடுத்து, திருத்தப்பட்ட பிழைகள். அதில் ஒன்றுக்கு வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"அக்கா, அழிச்ச ஆவணம் எல்லாம் சர்வர் ரீஸ்டார்ட் ஆனா திரும்பி வருதுல்ல, அத சரி பண்ணிட்டாங்களாம். அப்டேட் போட்டா அதுவே தேடித் தொடச்சிரும்."

"நல்லது" என்றேன். எனக்கு அதில் ஒரு நன்மையும் தெரியவில்லை.

இந்தச் சர்வரை அமைத்தது என் கணவர் கிருபாநந்தன். மறுநாள் சிகிச்சைக்கு வரவேண்டியவர்களைச் சனிக்கிழமை மாலை அதுவே போனில் கூப்பிடும். குரல் அவருடையது. 'வணக்கம், கிருபாநந்தன் கதைக்கிறன். நாளைக்குக் காலமை வான் வரும், வெளிக்கிட்டு நில்லுங்கோ. தண்ணி கனக்கக் குடிக்காதேங்கோ.' சிகிச்சைக்கு வரும் தோட்டத்து ஆட்களுக்கு அந்த இலங்கைப் பேச்சு வேடிக்கை. சிலோன் தம்பி என்று பெயரே வைத்துவிட்டார்கள். தலை நரைத்த தம்பி. போன வருடம் மெர்கோங்கில் சிக்னலில் நின்ற காருக்குள்ளேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார். குரலை மாற்ற மையத்தில் யாருக்கும் மனம் வரவில்லை.

சர்வரை அமைத்தபோது சோதனைக்காக அவர் என் எண்ணையும் ஒரு நோயாளியாகச் சேர்த்துப் பார்த்து, அன்றைக்கே அழித்தும் இருந்தார். அவர் போனபின் ஒருநாள் மின்சாரம் தடைப்பட்டு, சர்வர் மறுபடி கிளம்பியது. அந்தச் சனிக்கிழமை நான் மீன் கழுவிக்கொண்டிருந்தபோது அவர் கூப்பிட்டார். கையைக்கூடத் துடைக்காமல் எடுத்தேன். தண்ணி கனக்கக் குடிக்காதேங்கோ என்றார். சரி என்றேன். சொல்ல வெட்கந்தான், அன்றைக்கு வயிறாரச் சாப்பிட்டேன். அதன்பிறகு வாராவாரம் அந்த நேரத்துக்காகவே இருந்தேன்.

ஜைனலுக்கு இது தெரியும். குரலைப் போனில் ஏற்றித் தருகிறேன் என்றான், இல்லையென்றால் என் எண்ணைப் புதிதாகச் சேர்த்துவிடலாம் என்றான். நல்ல பையன், கல்யாணம் ஆகாதவன். நானாக வரவழைப்பதும் அவராகக் கூப்பிடுவதும் ஒன்றா? இனி ஊரையெல்லாம் கூப்பிடுவார், என்னைத் தவிர.

ஆனால் அதே பிழை புக்கிட் செலம்பாவில் இன்னொரு வீட்டையும் பிடித்துக்கொண்டிருந்தது. ராமையா என்கிற நோயாளி இறந்துபோனார். ஜைனல் அவர் ஆவணத்தை அழிப்பான், சர்வர் ஒருமுறை அணைந்து எழுந்தால் அதுவும் எழுந்துவிடும். போன வாரம் அவருடைய மகள் சாந்தினி நேரில் வந்தாள். சண்டை பிடிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் உட்காராமலே சொன்னாள்.

"நீங்க கூப்பிட்டா அம்மா உடனே அப்பா சட்டைய தேய்ச்சு வைக்கிறாங்க. காலைல பைய தூக்கிக்கிட்டு கேட்ல போய் வேனுக்கு நிக்கிறாங்க. வெயில் ஏறினாலும் உள்ள வரமாட்டேங்கிறாங்க. எங்கம்மாவ விட்டுருங்கக்கா."

பேயிடம் கெஞ்சுவதுபோல் கேட்டாள். எனக்குக் கோபம் வந்தது. அவள் போனபிறகுதான், கேட்டதில் என்ன தப்பு என்று தோன்றியது.

"போடவாக்கா?" என்றான் ஜைனல்.

"தள்ளு. நானே போடுறேன்."

திரையில் கோடு நகர்ந்து முடிந்தது. சர்வர் அணைந்து எழுந்தது. ராமையாவைத் தேடினேன், இல்லை. என் எண்ணைத் தட்டத் தொடங்கியதும் ஜைனல் எழுந்து வெளியே போனான். அதுவும் இல்லை.

மறுநாள் சனிக்கிழமை. மாலையில் வீட்டில் தனியாக இருக்கப் பயமாக இருந்தது. சாந்தினியிடம் கேட்டுக்கொண்டு புக்கிட் செலம்பாவுக்குக் காரை விட்டேன். அவளுடைய அம்மா முன்வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் போனோடு இருந்தார். பக்கத்து மேசையில் ஒரு வெள்ளைச் சட்டை. மையத்திலிருந்து வருகிறேன் என்று சொல்லி அருகில் உட்கார்ந்தேன். செம்பனைக்குலை ஏற்றிய லாரி ஒன்று போனது. கூப்பிடும் நேரமும் போனது.

"சிலோன் தம்பி இன்னும் கூப்பிடலயே" என்றார். "நேரம் தவறாத புள்ளயாச்சே."

"இனிமே கூப்பிட மாட்டாரும்மா. அவர் செத்துட்டார்."

அந்தச் சொல்லை அதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. காலமாகிவிட்டார் என்றுதான் சொல்லி வந்தேன்.

அந்த அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீ யாரும்மா அவருக்கு?"

"வீட்டுக்காரி."

"ஒன்னயும் கூப்பிடுவாரா?"

தலையாட்டினேன்.

அந்த அம்மா மடியிலிருந்த போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். அது அடிக்கவில்லை, அதில் விளக்கும் எரியவில்லை. யாரோ பேசி முடிக்கக் காத்திருப்பவர்போல் தரையைப் பார்த்தபடி இருந்தார். பிறகு என்னிடம் நீட்டினார்.

"இந்தா, நீயும் கேளு."

வாங்கிக் காதில் வைத்தேன். அவருடைய காதுச் சூடு அதில் இன்னும் இருந்தது.