கல்லில் மூன்றாவது பெயர்

தீபன் செத்ததைப் பற்றி அவன் அம்மா நீலா ஊரில் சொன்னது ஒரே வார்த்தைதான்: "குண்டு பட்டு பூட்டான்." பட்டது உண்மை. அவனுடைய துப்பாக்கியைத் தாடைக்குக் கீழே வைத்து அவனே அழுத்தியிருந்தான். பெட்டியோடு வந்த சிப்பாய்களில் தமிழ் தெரிந்தவன் அதை அவளிடம் தனியாகச் சொன்னான். லீவு கேட்டுக் கேட்டுக் கிடைக்காமல் போனதையும் சொன்னான். எல்லையில் படை குவிந்திருந்த குளிர்காலம் அது. திருவொற்றியூர்க் கடலோரத்து அந்தக் குப்பத்தில் எல்லோரும் டி.வி.யில் பீரங்கிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யார் சுட்ட குண்டு என்று ஒருவரும் கேட்கவில்லை.

அடுத்த வருஷம் அம்மன் கோயில் வாசலில் கல் நட்டார்கள். தாமாக விருப்பப்பட்டுப் படைக்குப் போய்த் திரும்பாதவர்கள் என்று மேலே எழுதி, எழுபத்தொன்று சண்டையில் போனவர் பெயர், கார்கிலில் போனவன் பெயர், மூன்றாவதாகத் தீபன். திறப்பு விழாவில் நீலாவை நாற்காலியில் உட்கார வைத்து மாலை போட்டார்கள். புருஷன் செத்ததிலிருந்து அவளுக்கு யாரும் நாற்காலி போட்டதில்லை.

அதற்குப் பிறகு காலடிப்பேட்டைக்கு மீன் விற்கப் புறப்பட்டால் கூடையைத் தலையில் ஏற்றிவிட ஆள் ஓடிவந்தது. தண்ணீர் லாரி வந்தால், "அக்கா மொதல்ல புடிக்கட்டும்" என்று வழிவிட்டார்கள். அவளுக்கு அது பிடித்திருந்தது. கோடை வந்தபோது, வழிவிடுவதற்கெல்லாம் அவள் காத்திருக்கவில்லை.

பக்கத்து வீட்டு தேசராணியின் மகன் ராமதாஸும் தீபனும் ஒரே நாளில் ஆள் எடுப்புக்குப் போனவர்கள். படையிலும் ஒரே கம்பெனியில் இருந்தார்கள். ராமதாஸுக்கு அங்கே சமையல்கட்டில் வேலை. அவன் லீவில் வந்தபோது நடந்ததை அம்மாவிடம் சொல்லி, வெளியே விடக்கூடாதென்று தன் தலைமேல் அவள் கையை வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டு போனான். தேசராணி ஒரு வருஷம் வாயைத் திறக்கவில்லை.

நாலு நாள் வராமலிருந்து தண்ணீர் லாரி வந்த காலையில், நீலா தேசராணியின் குடத்தைக் காலால் தள்ளிவிட்டுத் தன் குடத்தை வைத்தாள்.

"இன்னாடி, காலால தள்ற?"

"பின்னால நில்லு. எம்புள்ள நாட்டுக்கு உசுர குட்த்தவன். உன் புள்ள அங்க வெங்காயம்தான உரிச்சிகினு கீறான்?"

"ஆமாண்டி, உரிக்கிறான். உசுரோட கீறான். உன் புள்ள மாரி தன்னத்தானே சுட்டுகினு சாவல."

வரிசை அப்படியே நின்றது. குழாயிலிருந்து தண்ணீர் தரையில் கொட்டிக்கொண்டிருந்ததை யாரும் பிடிக்கவில்லை.

சாயங்காலம் பஞ்சாயத்து கூடியது. ஊர்த் தலைவர் நீலாவைக் கோயில் வாசலில் நிற்க வைத்தார்.

"இந்தாம்மா, அம்மன் முன்னால சொல்லு. யாரு சுட்டது?"

"குண்டு பட்டுதுண்ணே."

"யாரு குண்டு?"

அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"தற்கொல பண்ணிகினவன் பேரு சாமி வாசல்ல இருந்தா வலையில இன்னா ஏறும்?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். பெயரை எடுத்துவிடுவது என்று முடிவாயிற்று.

"யாரும் இல்லாத நேரமா பாத்து எட்த்துருங்கண்ணே," என்றாள் நீலா.

"எல்லாரும் பாத்துதான வெச்சோம்? எல்லாரும் பாத்துதான் எடுப்போம். நீயும் வா," என்றார் தலைவர்.

மறுநாள் வெயிலில் கல்தச்சன் உளியை வைத்தான். ஆள் விட்டு அழைத்ததால் நீலாவும் வந்து நின்றாள். கருங்கல் பொறி பறக்கச் சில்லு சில்லாகத் தெறித்தது. 'தீ' போனதும் அவன் உளியைக் கீழே போட்டுவிட்டு டீ குடிக்கப் போனான்.

"பார்றா, டீ குடிக்க பூட்டான். பன்னு மட்டும் கீது," என்றான் ஒருவன், கல்லைக் காட்டி.

கூட்டம் சிரித்தது. தேசராணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் தோள் குலுங்குவதை நீலா பார்த்தாள். தச்சன் நிதானமாக வந்து மீதியையும் கொத்தி எடுத்தான்.

மழைக்காலம் முடிந்த கையோடு ராமதாஸ் செத்துப்போனான். ரேஷன் ஏற்றிப்போன லாரி மலைப்பாதையில் கவிழ்ந்தது. இந்தப் பெட்டிமேல் கொடி போர்த்தியிருந்தது. வானத்தை நோக்கிச் சுட ஆறேழு சிப்பாய்கள் வந்திருந்தார்கள். குப்பமே தேசராணி வீட்டு முன்னால் கூடியது.

நீலாவும் போனாள். பெண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். அவளைப் பார்த்ததும் தேசராணி எழுந்து வந்து மேலே விழுந்தாள்.

"அக்கா, எம்புள்ள பூட்டாங்க்கா! உனக்குத்தாங்க்கா தெரியும் இந்த வவுத்தெரிச்ச!"

நீலா அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். வாயை அவள் காதோரம் கொண்டுபோனாள்.

"லாரி கவுந்துதான செத்தான்? எதிரி சுடலியே. கல்லுல பேரு வருமா?"

தேசராணியின் அழுகை நின்றது. ஆனால் அவளும் கையை எடுக்கவில்லை. நீலாவின் தோளில் முகத்தைப் புதைத்தபடியே, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"வரும். உன் புள்ளைய கொத்தி எட்த்த எடம் காலியாதான கீது."

"ரெண்டு பேரும் புள்ளைய குட்த்தவளுங்க," என்று ஒருத்தி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அதைப் பார்த்து மற்றவர்களும் ஓவென்று அழுதார்கள். நடுவே இருவரும் ஒருவரையொருவர் விடாமல் நின்றார்கள். பெட்டியைத் தூக்க ஆள் வந்துதான் பிரித்துவிட்டார்கள்.

காரியம் முடிந்த வாரமே கல்தச்சன் வந்தான். கொத்திய பள்ளத்தைத் தேய்த்துச் சமமாக்கி அதில் ராமதாஸின் பெயரை வெட்டினான். உளிச் சத்தம் நீலாவின் வீடுவரை கேட்டது. அவள் மாற்றுப்புடவைகளை மூட்டை கட்டிக்கொண்டு, எண்ணூரில் கட்டிக்கொடுத்திருந்த மகள் சினேகா வீட்டுக்கு பஸ் ஏறினாள்.

"ராமதாசு அண்ணன் சாவுக்கு போனியாம்மா?" என்று சினேகா கேட்டாள்.

"போனேன். தேசராணிய கட்டிகினு நின்னேன்."

"நல்லதும்மா. எவ்ளோ சண்ட போட்டாலும் பக்கத்து வூடு."

சினேகா தட்டில் சோறு போட்டு மீன் குழம்பை ஊற்றினாள். நீலா முள்ளை ஒதுக்கிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தாள். இந்தத் தடவை அவளை அழைக்கக் குப்பத்திலிருந்து யாரும் வரவில்லை.